தொடாமல் விட்ட பொத்தான்கள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் என் சித்தி, வீட்டிலேயே அப்பளம் இட்டு விற்பவர். வாடிக்கையாளர்கள் கைப்பேசியில் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டால் மறுநாள் காலையில் பொட்டலம் தயாராக இருக்கும். சென்ற ஆண்டு, அதுவரை பேசியிராத ஒருவர் நூறு அப்பளம் கேட்டு அழைத்தார். பேச்சோடு பேச்சாக ஒரு பள்ளியின் பெயரைச் சொல்லி, "உங்க பேத்தியும் அங்கதான் படிக்குதாம்மா?" என்று கேட்டிருக்கிறார். சித்தி திடுக்கிட்டுப் போனார். காரணம் எளிமையானதுதான். அவர் பயன்படுத்தும் செயலியில் முகப்புப் படமாகப் பேத்தி சீருடையோடு நின்றிருந்தாள். சட்டைப் பையில் பள்ளியின் முத்திரை பளிச்சென்று தெரிந்தது. சித்தியின் எண்ணை வைத்திருக்கும் எவரும் பார்க்கும்படியாக அந்தப் படம் இருந்தது. அழைத்தவர் மகனும் அதே பள்ளியில் படிப்பதால்தான் கேட்டாராம். ஆனாலும் அன்று மாலையே சித்தி, கடலூரில் இருக்கும் என்னைக் கைப்பேசியில் அழைத்துச் சொன்ன முதல் வாக்கியம் இதுதான்: "நான் எதையுமே தொடலையேப்பா."

அவர் சொன்னது முழு உண்மை, சிக்கலும் அதுவேதான். சமூக ஊடகங்களில் நாம் தொடாமல் விட்ட ஒவ்வொரு பொத்தானையும் நமக்கு முன்பே வேறொருவர் தொட்டு, ஒரு பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறார். இதைத்தான் டிஃபால்ட் என்கிறார்கள். கணினித் தமிழில் இதற்கு இயல்புநிலை அமைப்பு என்றும் முன்னிருப்பு என்றும் பெயர் உண்டு. புதிய வசதிகளால் வரும் எரிச்சல், தனியுரிமை பற்றிய குழப்பம் ஆகிய இரண்டையும் புரிந்துகொள்ள இந்த ஒரு கருத்து தெளிவானால் பாதி வேலை முடிந்தது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு டீக்கடைக்குப் போய் "ஒரு டீ" என்று மட்டும் சொன்னால் சர்க்கரை போட்ட டீதான் வரும். சர்க்கரை வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. வேண்டாதவர்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொல்லாதவருக்கு எது கிடைக்குமோ அது இயல்புநிலை. டீக்கடைக்காரர் அப்படி வைத்திருப்பதற்குக் காரணம், வருகிறவர்களில் பெரும்பாலோர் சர்க்கரையோடு குடிப்பதுதான். செயலிகளிலும் பல அமைப்புகள் இப்படிப் பெரும்பாலோரின் வசதிக்காகவே வைக்கப்பட்டவை. எழுத்தின் அளவும் திரையின் வெளிச்சமும் அந்த வகை. தனியுரிமை சார்ந்த அமைப்புகளில் மட்டும் கணக்கு மாறுகிறது. அங்கே இயல்புநிலை பெரும்பாலும் நிறுவனத்துக்கு எது ஆதாயமோ அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். விளம்பர வருவாயில் நடக்கும் நிறுவனத்துக்கு, நீங்கள் அதிகம் பேருக்குத் தெரிவதும் அதிக நேரம் உள்ளே இருப்பதும் உங்களைப் பற்றிய தகவல் அதிகம் சேர்வதும் நல்லது. ஆகவே புதிய வசதி பலமுறை நம் சம்மதத்தைக் கேட்காமல், இயங்கும் நிலையிலேயே வந்து சேர்கிறது.

மனிதர்கள் இயல்புநிலையை மாற்றுவதில்லை என்பது கணினிக்கு மட்டும் உரிய செய்தியன்று. எரிக் ஜான்சன், டேனியல் கோல்ட்ஸ்டைன் என்ற இரு ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உறுப்பு தானத்தைப் பற்றியது. விருப்பமுள்ளவர் தாமே பதிவு செய்ய வேண்டும் என்ற முறை இருந்த ஜெர்மனியில் சம்மத விகிதம் 12 சதவீதம். மறுப்பவர்தான் பதிவு செய்ய வேண்டும் என்ற முறை இருந்த அண்டை நாடான ஆஸ்திரியாவில் அது 99.98 சதவீதம். இரண்டு நாட்டு மக்களின் ஈகைக் குணத்தில் அவ்வளவு பெரிய வேறுபாடு இருக்க முடியாது, வேறுபட்டது படிவம். உடலின் உறுப்புகளைப் பற்றிய முடிவிலேயே மக்கள் இப்படி விட்டுவிடுகிறார்கள் என்றால், கைப்பேசியின் நான்காம் பக்கத்து மெனுவில் கிடக்கும் ஒரு சிறு பொத்தானை யார் தேடிப் போவார்கள்? நிறுவனங்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. 2006 செப்டம்பரில் ஃபேஸ்புக், நண்பர்கள் செய்வதையெல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாகக் காட்டும் நியூஸ் ஃபீட் என்ற வசதியைக் கொண்டுவந்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. அதில் காட்டப்பட்ட எதுவும் புதிய தகவலன்று. ஒவ்வொருவர் பக்கத்திலும் ஏற்கெனவே இருந்ததுதான். ஆனால் முன்பு ஒருவரைப் பற்றி அறிய அவர் பக்கத்தைத் தேடிப் போக வேண்டியிருந்தது. இப்போது அது கேட்காமலே எல்லோர் முன்னும் வந்து விழுந்தது. தகவல் அதேதான், அது போய்ச் சேரும் தூரம் மாறிவிட்டது. நிறுவனம் சில நாட்களில் கூடுதல் கட்டுப்பாடுகளைச் சேர்த்தது. வசதியை மட்டும் திரும்பப் பெறவில்லை. 2010 பிப்ரவரியில் கூகுள், ஜிமெயிலுக்குள் பஸ் என்ற சமூக வலையைத் திறந்தபோது, ஒருவர் யாரோடு அதிகம் மின்னஞ்சல் பரிமாறிக்கொள்கிறாரோ அவர்களையே அவருடைய தொடர்பு வட்டமாகத் தானே அமைத்து, அந்தப் பட்டியலைப் பிறரும் காணும்படி வைத்தது. ஒரு வழக்கறிஞரின் கட்சிக்காரர்களும் ஒரு நோயாளியின் மருத்துவரும் அந்தப் பட்டியலில் இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்த்தால் இதன் விபரீதம் விளங்கும். அந்தச் சேவை அடுத்த ஆண்டே மூடப்பட்டது.

அண்மைக்கு வந்தால், 2024 ஜூலையில் எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தில் பயனர்களின் பதிவுகளைக் குரோக் என்ற செயற்கை நுண்ணறிவின் பயிற்சிக்குப் பயன்படுத்தும் அமைப்பு ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருப்பதைப் பயனர்களே கண்டுபிடித்தார்கள். அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் நீதிமன்றம் சென்றது. அதன் பிறகு ஐரோப்பியப் பயனர்களின் தரவை அவ்வாறு பயன்படுத்துவதை நிறுத்திவைக்க அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் லிங்க்டுஇன் தளத்திலும் இதே போன்ற ஒரு பொத்தான் இயங்கும் நிலையில் இருப்பது வெளியே வந்தது. நம்மூரில் வேலை தேடும் பட்டதாரிகள் பலர் அந்தத் தளத்தில் இருக்கிறார்கள். டேட்டா பிரைவசி என்ற பகுதிக்குள் போனால் அந்தப் பொத்தானை நிறுத்தலாம்.

முணுமுணுப்பதால் பயனே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2017 பிப்ரவரியில் வாட்ஸ்அப், பழைய எழுத்து வடிவ ஸ்டேட்டஸை எடுத்துவிட்டு, 24 மணி நேரத்தில் மறையும் படங்களைக் கொண்டுவந்தது. பயனர்கள் கடுமையாகக் குறைகூறியதால் அடுத்த மாதமே பழைய வரி அபவுட் என்ற இடத்தில் திரும்பி வந்தது. புதிய ஸ்டேட்டஸும் நிலைத்துவிட்டது. இன்று கடலூரில் புடவை விற்கும் பெண்கள் பலருக்கு அதுதான் கடைக் கண்ணாடி. கேட்காமல் வந்ததெல்லாம் தீமை என்று நினைப்பதும் பிழை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி, தொடக்க நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடத்துக்கு வருவோம். தனியுரிமை என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு சுவர்கள் இருக்கின்றன. ஒன்று, உங்களுக்கும் மற்ற மனிதர்களுக்கும் இடையிலான சுவர். இன்னொன்று, உங்களுக்கும் அந்த நிறுவனத்துக்கும் இடையிலான சுவர். புதுச்சேரியின் பழைய தமிழர் வீடுகளில் தெருவைப் பார்த்த திண்ணை, அதற்குப் பின் நடை, அதற்குப் பின் முற்றமும் கூடமும் என்று வரிசை இருக்கும். வழிப்போக்கர் திண்ணையில் உட்காரலாம். தெரிந்தவர் கூடம் வரை வரலாம். அடுக்களை வீட்டாருக்கு மட்டும். செயலியில் எவ்ரிஒன், மை கான்டாக்ட்ஸ், நோபடி என்று வருகிற தேர்வுகள் இந்த வரிசையைத்தான் குறிக்கின்றன. எந்தச் செய்தி திண்ணையில் இருக்கலாம், எது கூடத்துக்குள் இருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லுகிறீர்கள். ஆனால் அந்த வீட்டைக் கட்டி வாடகைக்கு விட்டவர் எந்த அறையின் சாவியை வைத்திருக்கிறார் என்பதை இந்தத் தேர்வுகள் தீர்மானிப்பதில்லை. உங்கள் இன்ஸ்டாகிராம் கணக்கைப் பிரைவேட் என்று மாற்றினால் அயலார் பார்க்க முடியாது; நிறுவனம் நீங்கள் எந்தப் படத்தில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று கணக்கெடுப்பது நிற்காது.

இந்த வேறுபாடு வாட்ஸ்அப்பில் இன்னும் நுட்பமாக இருக்கிறது. 2016 ஏப்ரல் முதல் அதில் இருவருக்கிடையே செல்லும் செய்திகளும் அழைப்புகளும் முழுமையாகக் குறியாக்கம் செய்யப்படுகின்றன. அதாவது செய்தியின் உள்ளடக்கத்தை நடுவில் உள்ள நிறுவனமே படிக்க முடியாது. இது உண்மையான, வலுவான பாதுகாப்பு. ஆனால் யார் யாரோடு, எப்போது, எத்தனை முறை தொடர்புகொண்டார்கள் என்பது உறை மேல் எழுதிய முகவரி போன்றது. அது நிறுவனத்துக்குத் தெரியும். 2024 ஜூன் மாதத்தில் இந்தியாவுக்கு வந்த மெட்டா ஏஐ என்ற நீல வளையம், அதாவது கேட்டதற்குப் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவு, மூன்றாவது வகை. அதனிடம் நீங்கள் எழுதுவது இன்னொரு மனிதருக்குப் போகும் கடிதமன்று, நிறுவனத்துக்கே எழுதும் கடிதம். நீங்கள் அண்ணனுக்கு அனுப்பிய செய்தியை அந்த வளையம் படிக்காது. ஆனால் அந்த வளையத்திடம் உங்கள் சர்க்கரை அளவைச் சொல்லி ஆலோசனை கேட்டால், அந்தக் கேள்வி நிறுவனத்தின் கையில் இருக்கும். அதனுடன் நடக்கும் உரையாடல்களை விளம்பரத் தேர்வுக்கும் பயன்படுத்தப்போவதாக வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டா அறிவித்து, 2025 டிசம்பர் 16 முதல் பல நாடுகளில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தேடும் பெட்டியும் ஏஐயிடம் கேட்கும் பெட்டியும் ஒன்றாகவே வைக்கப்பட்டிருப்பதால், ஒருவர் பெயரைத் தேடப் போன முதியவர்கள் அந்த வளையத்தோடு பேசத் தொடங்கிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த வளையத்தை முற்றிலும் அகற்ற வழி தரப்படவில்லை. தொடாமல் இருக்கலாம், அதனுடன் திறந்துவிட்ட உரையாடலை அழிக்கலாம். குடும்பக் குழுவிலிருந்து யாரும் செய்திகளை மொத்தமாக ஏற்றுமதி செய்யவோ, ஏஐ வசதிகளுக்குக் கொடுக்கவோ கூடாது என்று நினைத்தால், 2025 ஏப்ரலில் வந்த அட்வான்ஸ்டு சாட் பிரைவசி என்ற அமைப்பை அந்தக் குழுவுக்குள் இயக்கி வைக்கலாம். ஆயினும் ஒருவர் திரையைப் படம் எடுத்துப் பிறருக்கு அனுப்புவதை அது தடுக்காது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? என் அனுபவத்தில் ஒரே நாளில் எல்லாவற்றையும் திருத்த உட்காருகிறவர்கள் பாதியில் சலித்து விட்டுவிடுகிறார்கள். அதிகத் தீங்கு எங்கிருந்து வரக்கூடுமோ அங்கிருந்து தொடங்குவதே முறை. வாட்ஸ்அப்பில் முதலில் பார்க்க வேண்டியது, குழுக்களில் யார் உங்களைச் சேர்க்கலாம் என்பது. 2019 ஏப்ரலில் இந்த அமைப்பு வந்தது; ஆனாலும் மாற்றாதவருக்கு அது எல்லோரும் சேர்க்கலாம் என்றே இருக்கும். பங்குச்சந்தையில் மூன்று மடங்கு இலாபம் என்று சொல்லி ஏமாற்றும் கும்பல்கள் முன்பின் தெரியாதவர்களைக் குழுவில் இழுத்துப் போடுவது இந்தத் திறந்த வாசல் வழியாகத்தான். செட்டிங்ஸ், பிரைவசி, குரூப்ஸ் என்று போய் மை கான்டாக்ட்ஸ் என்று மாற்ற அரை நிமிடம் போதும். அதே பக்கத்தில் முகப்புப் படம், கடைசியாக வந்த நேரம், ஆன்லைனில் இருப்பது ஆகியவற்றையும் பார்த்துவிடலாம். அக்கவுன்ட் பகுதியில் ஆறு இலக்கப் பின் எண்ணை அமைக்கும் இரட்டைச் சரிபார்ப்பு இருக்கிறது. அது கண்டிப்பாக இயக்கப்பட வேண்டும். நீல நிற டிக் குறியைப் பற்றிய சச்சரவு குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். அதை உங்கள் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறேன்.

ஃபேஸ்புக்கில் இனி எழுதப்போவதை யார் பார்க்கலாம் என்று மாற்றுவது பலருக்குத் தெரியும். பத்து ஆண்டுகளுக்கு முன் எல்லோருக்கும் திறந்து போட்ட படங்களை ஒரே அழுத்தில் நண்பர்களுக்கு மட்டும் என்று சுருக்கும் வசதியும் அங்கே உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கடலூரைத் தாக்கிய 'தானே' புயல் காலத்தில் போட்ட படங்களெல்லாம் இன்னும் திறந்தே கிடப்பவர்களை நான் அறிவேன். உங்கள் கைப்பேசி எண்ணை வைத்து யார் உங்களைத் தேடலாம் என்பதையும் அங்கேயே கட்டுப்படுத்தலாம்.

செயலிக்குள் இருக்கும் பொத்தான்களைவிட வலிமையானவை கைப்பேசியின் சொந்த அமைப்புகள். செயலியின் பொத்தான், வீட்டுக்கு வந்தவரிடம் "அங்கே போகாதீர்கள்" என்று சொல்வது. கைப்பேசியின் அனுமதி, அந்த அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செட்டிங்ஸுக்குள் ஆப்ஸ் என்ற பகுதியைத் திறந்து ஒவ்வொரு செயலிக்கும் இருப்பிடம், ஒலிவாங்கி, தொடர்பு எண்கள் ஆகிய அனுமதிகளைத் தனித்தனியே பார்க்கலாம். சில்வர் பீச்சில் எடுத்த படத்தைப் பகிர, இருப்பிட அனுமதி தேவையே இல்லை. தேவைப்படும் செயலிக்கும் பயன்படுத்தும்போது மட்டும் என்ற தேர்வே போதும். ஆண்ட்ராய்டு 12 முதல் துல்லியமான இடத்தைக் காட்டாமல் தோராயமாக மட்டும் காட்டவும், ஆண்ட்ராய்டு 14 முதல் எல்லாப் படங்களையும் திறந்துவிடாமல் தேர்ந்தெடுத்த சிலவற்றை மட்டும் கொடுக்கவும் வழி இருக்கிறது. ஐபோனில் 2021 ஏப்ரல் முதல், பிற செயலிகளிலும் தளங்களிலும் நம்மைப் பின்தொடர ஒரு செயலி முதலில் அனுமதி கேட்டாக வேண்டும். அங்கே வேண்டாம் என்று சொல்வதால் எந்த வசதியும் குறைந்துவிடாது.

புதிய வசதி பிடிக்காதவர்கள் செய்யும் மூன்று தவறுகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒன்று, "என் படங்களைப் பயன்படுத்த ஃபேஸ்புக்குக்கு நான் அனுமதி தரவில்லை" என்ற அறிவிப்பை நகலெடுத்துத் தம் பக்கத்தில் ஒட்டுவது. பல ஆண்டுகளாக வெவ்வேறு வடிவில் சுற்றும் இந்த வாசகம் 2024 செப்டம்பரில் குட்பை மெட்டா ஏஐ என்ற பெயரில் மீண்டும் வந்து, புகழ்பெற்ற பலர்கூட அதைப் பகிர்ந்தார்கள். கணக்குத் தொடங்கும்போது ஒப்புக்கொண்ட விதிமுறைகளை ஒரு பதிவால் மாற்ற முடியாது. வாடகை ஒப்பந்தத்தை மாற்ற வாசலில் ஒரு தாளை ஒட்டினால் போதும் என்று யாரும் நம்புவதில்லை. ஆனால் இங்கே நம்புகிறார்கள். இரண்டாவது, புதுப்பித்தலையே நிறுத்திவிடுவது. வேண்டாத வசதி எந்தப் புதுப்பித்தலில் வருகிறதோ, பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தமும் பெரும்பாலும் அதிலேயே வருகிறது. ஆகவே இது மழைச்சாரலுக்குப் பயந்து கூரை மாற்றுவதையே நிறுத்துவது போல. மூன்றாவது, மூலச் செயலியை மாற்றி யாரோ செய்த ஜிபி வாட்ஸ்அப் போன்ற நகல்களை நிறுவுவது. நீல வளையம் இல்லாத பதிப்பு என்று யாராவது இதை ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். அதை உருவாக்கியவர் யாரென்று தெரியாது. உங்கள் செய்திகள் அவர் கைக்குப் போகவும் கூடும். உங்கள் கணக்கே தடை செய்யப்படவும் கூடும்.

திரையில் திடீரென்று தோன்றும் கேள்விகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒத்துக்கொள்வதற்கான பொத்தான் பெரிதாகவும் வண்ணமாகவும், மறுப்பதற்கானது மங்கிய சிறு எழுத்திலும் இருந்தால் அது தற்செயலன்று. வேண்டாம் என்ற தேர்வே இல்லாமல், இப்போது வேண்டாம் என்று மட்டும் இருந்தால், மீண்டும் மீண்டும் கேட்கப்போகிறார்கள் என்று பொருள். இத்தகைய ஏமாற்று வடிவமைப்புகளுக்கு ஹாரி பிரிக்நல் என்ற வடிவமைப்பாளர் 2010இல் டார்க் பேட்டர்ன் என்று பெயரிட்டார். இந்திய அரசின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இவற்றில் 13 வகைகளைப் பட்டியலிட்டு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஓயாமல் நச்சரிப்பதும், குழப்பும் மொழியில் கேட்பதும் அப்பட்டியலில் உண்டு.

சட்டமும் மெல்ல நம் பக்கம் நகர்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. வாட்ஸ்அப் 2021இல் தன் தனியுரிமைக் கொள்கையை ஏற்றுக்கொள்ளும்படி பயனர்களை வலியுறுத்திய முறைக்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்பது தெளிவான ஒரு செயலால் தரப்பட வேண்டும் என்றும், தந்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவது அதைத் தருவதற்கு நிகராக எளிதாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர நிறுவனங்களுக்கு அங்கிருந்து 18 மாத அவகாசம் உண்டு. அதுவரை பொத்தான்களை நாமேதான் தேடிப் போக வேண்டும். பண மோசடி நடந்துவிட்டால் மட்டும் எதையும் தேடிக்கொண்டிராமல் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள்.

சித்தியின் கைப்பேசியில் முகப்புப் படத்தை அறிமுகமானவர்களுக்கு மட்டும் என்று மாற்றிக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் அது வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. புதிதாக அப்பளம் கேட்பவர்களுக்குப் படமே தெரியாததால், சரியான எண்தானா என்று ஐயப்பட்டார்கள். விற்கிறவர் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதை நான் யோசிக்கவில்லை. முடிவில் சித்தியே வழி கண்டார். முகப்புப் படத்தில் இப்போது அப்பளப் பொட்டலம் இருக்கிறது, எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. பேத்தியின் படம் குடும்பக் குழுவோடு நின்றுவிட்டது. சமையல் எரிவாயு உருளைக்குப் பதிவு செய்யும் நாளில், கையோடு பிரைவசி பக்கத்தையும் ஒருமுறை திறந்து, புதிதாக ஏதாவது முளைத்திருக்கிறதா என்று அவர் பார்த்துவிடுகிறார். பொருள் விளங்காத சொல் ஏதாவது இருந்தால் மட்டும் எனக்கு அழைப்பு வருகிறது.